என்ன மாதிரி ஆடுவீங்க?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டென்னிஸ் மைதானத்து உடை மாற்றும் அறையில் காதில் விழுந்த ஒரு பேச்சு, சின்னவளை அந்த வாரம் முழுக்க ஓர் இடத்தில் உட்கார விடவில்லை.

கதவு அரைகுறையாகத் திறந்திருந்தது. உள்ளே பல் டாக்டரம்மா, "ஞாயித்துக்கிழமை போட்டிக்கு என்னோட ஜோடி சேர்றீங்களா?" என்று யாரையோ கேட்டாள். எட்டிப் பார்த்தால் அந்த யாரோ சின்னவளின் ஓரகத்தி, வீட்டின் மூத்த மருமகள், எல்லோருக்கும் பெரியவள். ஓரகத்திகள் இருவரும்தான் இத்தனை நாளாக ஜோடி. 'எனக்கு ஆள் இருக்கு' என்று பெரியவள் பட்டென்று சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னது இவ்வளவுதான்: "யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்க என்ன கிடக்கிறது என்று சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷூவைப் போடாமலே வீட்டுக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வந்து எடுத்துப் போனாள்.

லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் போன் எடுப்பது அவள் வேலை. நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து அலறுவார்கள். "பதறாதீங்க சார், கதவ இழுக்காதீங்க, ஆள் கிளம்பியாச்சு" என்று தேன் ஒழுகப் பேசுவாள். போனை வைத்ததும் நகத்தைக் கடிப்பாள். புதன்கிழமை கடித்துக் கடித்து ஒரு முடிவுக்கு வந்தாள்: கோளாறு தன்னிடம் இல்லை, மட்டையிடம். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் கொடுத்த மட்டை அது. அதை வைத்துக்கொண்டு யாரால் ஆட முடியும்?

சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் விளையாட்டுச் சாமான் கடைக்கு ஓடினாள். அங்கே நின்ற பெண் சூயிங்கம் மென்றபடி, "என்ன மாதிரி ஆடுவீங்க?" என்று கேட்டாள்.

"எப்படின்னா?"

"பின்னாடி நின்னு ஓங்கி அடிப்பீங்களா, நெட் பக்கம் ஓடி வருவீங்களா, இல்ல சும்மா பந்தைத் திருப்பி விடுவீங்களா? அதுக்குத் தகுந்த மாதிரிதான் பேட்."

'சும்மா' என்ற சொல் சுருக்கென்று தைத்தது. "அடிச்சு ஆடுவேன்," என்றாள் சின்னவள், தேவைக்கு மேல் சத்தமாக.

அந்தக் கடையில் மட்டைகளைச் சில நாள் கொண்டுபோய் ஆடிப் பார்க்கக் கொடுப்பார்கள். கறுப்பில் கனமான ஒன்று, சாட்டை மாதிரி மெலிந்த ஒன்று என்று அவளே எடுத்துக்கொண்டாள். பையில் இன்னொன்றுக்கு இடமிருந்ததைப் பார்த்து, பெரிய தலையோடு ஊதா நிறத்தில் இருந்த ஒன்றைக் கடைப்பெண் செருகினாள்.

"இது யாருக்கு?"

"கைமுட்டி வலிக்காரங்க விரும்பி வாங்குவாங்க. சும்மா போட்டுப் பாருங்களேன்."

மறுபடியும் சும்மா!

அன்று சாயங்காலம் கறுப்பு மட்டையில் பட்ட முதல் பந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி பறந்தது. சின்னவளுக்கு ஆகாயத்தில் மிதப்பது போல இருந்தது. அடுத்த பந்து வேலியைத் தாண்டி ரோட்டில் விழுந்தது. அதற்கடுத்தது ரோட்டையும் தாண்டியது. "சாரிக்கா," என்றாள். "பரவால்ல," என்றாள் பெரியவள். வீடு திரும்பும்போது தண்ணீர் பாட்டிலைத் தூக்கக்கூட கை எழும்பவில்லை.

வியாழக்கிழமை காலையில் மெலிந்த மட்டையை எடுத்து அடுப்பங்கரையிலேயே வீசிப் பார்த்தாள். வீட்டுக்காரர் தலையைக் குனிந்து தப்பித்தார்.

"பேட்ல என்னம்மா இருக்கு? எல்லாம் ஆளப் பொறுத்தது."

அவள் பார்த்த பார்வையில் மனுஷர் காபி டம்ளரோடு வாசலுக்குப் போய்விட்டார். போன பிறகு, பாவம் என்று தோன்றியது. பின்னாலேயே போய், "சாயங்காலம் நாங்க ஆடுறதக் கொஞ்சம் போன்ல வீடியோ எடுங்க. எந்த பேட்டு நல்லா இருக்குன்னு நானே பாத்துக்கறேன்," என்றாள்.

அன்றைய ஆட்டத்தில் எதிரே டாக்டரம்மாவும் அவள் ஜோடியான தையல்காரம்மாவும். தையல்காரம்மா பேச்சிலும் ஆட்டத்திலும் ஒரே வெட்டு. வந்த பந்தை யோசிக்காமல் சாத்துவாள். மெலிந்த மட்டையில் பட்ட பந்துகளில் பாதி உயிரில்லாமல் வலைக்குள் விழுந்தன; மீதி சீறிப் பறந்தன. கடைசியில் சின்னவள் கைவலி தாங்காமல், வேறு வழியில்லாமல் ஊதா மட்டையை எடுத்தாள். யாரும் கவனிக்கவில்லையே என்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டாள்.

வீடியோவை மறுநாள் ஆபீசில், போன் மணிகளுக்கு இடையில் பார்த்தாள். மனசுக்குள் வெற்றி வெற்றியாக ஓடிக்கொண்டிருந்த தன் அடிகள் எல்லாம் வீடியோவில் கோட்டுக்கு வெளியே விழுந்தன. ஜெயித்த புள்ளிகள் வேறு. அவற்றை அவள் மறந்தே போயிருந்தாள். ஊதா மட்டையோடு அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் ஓடி, எட்டாத பந்தையெல்லாம் தூக்கி எதிராளி தலைக்கு மேலே போட்டுக்கொண்டே இருக்கிறாள். போட்டதையே போடுகிறாள். அலுத்துப்போன டாக்டரம்மா ஓங்கி அடித்து வெளியே விடுகிறாள். 'இதெல்லாம் ஓர் ஆட்டமா?' என்று சின்னவளுக்கு வெட்கமாக இருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. புள்ளி வந்தாலும் போனாலும் தன் தலை பெரியவள் பக்கம் திரும்புகிறது. ஒவ்வொரு தடவையும். பெரியவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு மட்டையின் கம்பிகளைச் சரி செய்கிறாள்.

சாயங்காலம் நேராக மாடி ஏறிப் பெரியவள் வீட்டுக்குப் போனாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான பெரியவள் மேஜை நிறையப் பரீட்சைத் தாள்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா உங்களக் கேட்டது என் காதுல விழுந்துச்சுக்கா."

"ஒட்டுக் கேட்டியா?"

"கதவு திறந்திருந்துச்சு. நான் மோசமா ஆடறேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க."

பெரியவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "நீ மோசமா ஆடல. உன்கூட ஆடினா எனக்கு மூச்சு முட்டுதுடி. அடிச்சாலும் என் மூஞ்சியப் பாக்குற, விட்டாலும் பாக்குற. சாரிக்கா, சாரிக்கான்னு உயிர எடுக்குற. நாள் பூரா இங்க மார்க் போட்டுட்டு, அங்கயும் வந்து நான் மார்க் போடணுமா?"

சின்னவள் வாசல் பக்கம் திரும்பினாள். "அப்ப டாக்டரோடயே ஆடுங்க," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கினாள். கீழே வந்ததும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். துணியை மடித்தாள், கலைத்தாள், மறுபடி மடித்தாள். மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்போதெல்லாம், இறங்கி வருகிறாளோ என்று காது நீண்டது. யாரும் வரவில்லை.

பிறகு தையல்காரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"என்னையும் அந்தம்மா கழட்டி விட்டாச்சு," என்றாள் அவள். "நீ வர்றியா? நான் அடிப்பேன். பாதி வெளிய போகும். மிச்ச பந்த நீ உள்ள வச்சிருந்தா போதும்."

சனிக்கிழமை கடைக்குப் போய் இரண்டு மட்டைகளைத் திருப்பிக் கொடுத்தாள். ஊதாவை வாங்கிக்கொண்டாள். 'கைமுட்டி வலிக்காரங்க' என்று கடைப்பெண் ஆரம்பிப்பதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, முதல் ஆட்டமே டாக்டரம்மாவோடு ஜோடி சேர்ந்த ஓரகத்திக்கு எதிராக வந்து வாய்த்தது. ஆரம்பத்தில் சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பழக்கதோஷத்தில் பெரியவளைப் பார்த்தால், வலைக்கு அந்தப் பக்கம் அவள் சர்வீஸ் போடக் கையை ஓங்கிக்கொண்டிருக்கிறாள். பந்தைப் பார்ப்பதா ஆளைப் பார்ப்பதா? பந்தைப் பார்த்தாள். தூக்கிப் போட்டாள். திரும்பி வந்தது, மறுபடி தூக்கிப் போட்டாள். தையல்காரம்மா பாதியை நிஜமாகவே வெளியே அடித்தாள்; ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. "போனா போகுது, அடுத்தது!" என்று கத்தினாள். கடைசிப் புள்ளியில் பந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. "போதும், விடேன்டி!" என்று பெரியவளே கத்திவிட்டாள். கத்திய வேகத்தில் வலையில் அடித்தாள்.

ஜெயித்தவர்களை அடுத்த ஆட்டத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்து பிழிந்து காயப் போட்டுவிட்டார்கள். மூச்சு வாங்க பெஞ்சில் சரிந்த சின்னவளிடம் பெரியவள் ஒரு துண்டைத் தூக்கிப் போட்டாள்.

"எங்கூட ஆடறப்ப எங்கடி போச்சு இந்த ஆட்டம்?"

"அப்ப நான் உங்க பக்கத்துல நின்னேன்கா."

பெரியவள் சிரித்தாள். கொஞ்சம் கோபமும் இருந்தது அந்தச் சிரிப்பில்.

எல்லோரும் ஒரே காரில் வீடு திரும்பினார்கள். பெரியவள் முன் சீட்டில் தூங்கிப்போனாள். பின்னால் சின்னவளின் முழங்கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நெட்டைக் கல்லூரிப் பெண் இடது பக்கம் எத்தனை தடவை அடித்தாள், ஏன் ஒரு தடவையாவது அவள் தலைக்கு மேல் தூக்கிப் போடத் தோன்றவில்லை? கார் நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"இறங்கும்மா, வீடு வந்தாச்சு," என்றார் வீட்டுக்காரர்.

"நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் மைதானம் திறந்துடுவாங்க இல்ல?" என்றாள் அவள்.