மாசிலாமணி முதலாளியின் துண்டு

மாசிலாமணி முதலாளிக்காகத் தொடங்கிய ஒரு நிமிட மௌனம் பதினோராவது மாதத்தில் நடந்துகொண்டிருந்தது. பிலோமினா வழக்கம்போல டிபன் கேரியரோடு மைதானத்துக்குப் போனாள்.

அவள் புருஷன் கபிரியேல் உப்பளத்துறை ரோவர்ஸ் கால்பந்து அணியில் இடது பேக். நடுவட்டத்தில் மற்ற பத்துப் பேரோடு தலைகுனிந்து நின்றான். எதிர் அணியும் நின்றது. சுற்றிலும் படிகளில் பதினோராயிரம் பேர் நின்றார்கள். எதிர் அணியைக் கூட்டிவந்த பஸ் டிரைவர் மட்டும் டீ குடிக்க வெளியே போயிருந்ததால் தப்பித்தான். அவன் எங்கள் தெருவிலேயே பெண் எடுத்துவிட்டான். பெண் வீட்டார் ரொம்ப விசாரிக்கவில்லை என்று கேள்வி.

மைதானத்துக்குள் மணி நாலு. வெளியே நேரம் அதுபாட்டுக்குப் போனது.

குனிந்த தலைக்குச் சோறு ஊட்டுவது லேசான காரியம் இல்லை. புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை மேலே தூக்கி ஊட்டவேண்டும். பதினோரு மாதத்தில் பிலோமினாவின் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் உயர்ந்துவிட்டது. தையற்காரர் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது கண்டுபிடித்து எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு வஞ்சிரம். முள்ளு பாத்து," என்றாள்.

கபிரியேல் மென்றான். பேசவில்லை. பேசினால் மரியாதை கெட்டுவிடும். ஒரு சிமிட்டல் என்றால் சரி. இரண்டு என்றால் உப்பு அதிகம். அன்றைக்கு அவன் மூன்று தடவை சிமிட்டினான்.

மூன்றுக்கு அவர்கள் எதுவும் பேசிவைத்திருக்கவில்லை.

"இன்னாய்யா?" என்றாள்.

அவன் மறுபடியும் மூன்று தடவை சிமிட்டினான். பிறகு வீடு இருக்கும் பக்கமாகப் பாதத்தை ஒரு இஞ்ச் திருப்பினான். பக்கத்தில் நின்ற கோல்கீப்பர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தான். நல்ல பிள்ளை.

பிலோமினா கேரியரை மூடினாள். இன்றைக்கு இவனைக் கூட்டிக்கொண்டுதான் போவது என்று முடிவு செய்தாள்.

நடந்தது இதுதான். உப்பளத்துறையில் முதலாளி துண்டைத் தூக்கிக் காட்டாமல் பந்து நகராது. முப்பத்திரண்டு வருஷமாக அதுதான் வழக்கம். முதலாளியின் நாற்காலி மேடையில் இருந்தது. எந்த ஊரிலிருந்து வந்த ரெஃப்ரியாக இருந்தாலும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியைப் பார்ப்பார். துண்டு மேலே போனால் விசில்.

முதலாளி இறந்த பிறகு நடந்த முதல் மேட்சில் ஒரு நிமிட மௌனம் அறிவித்தார்கள். நிமிஷம் முடிந்தது. ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் நாற்காலியைப் பார்த்தார்.

நாற்காலி காலியாக இருந்தது. துண்டு அதன் கைப்பிடியில் தொங்கியது. ரெஃப்ரி காத்திருந்தார்.

துண்டைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவு மரியாதை. வெளியூரில் இருந்த மகனுக்கு எழுதினார்கள். மகன் ஒரு வரியில் பதில் போட்டான்: "எனக்கு நிற்கவும் நடக்கவும் பிடிக்கும்." யாருக்கும் புரியவில்லை. துக்கத்தில் எழுதியிருப்பான் என்று விட்டுவிட்டார்கள்.

மேடைக்குப் போக ஒரே வழி ஆபீஸ் தாழ்வாரம். முதலாளி இருந்தவரை அது எட்டு அடி. அவர் போன பிறகு நீள ஆரம்பித்தது. யாராவது அவரைப் பற்றி ஒரு புகழுரை சொன்னால் சுவரில் ஒரு படம் வந்தது. படத்துக்கு இடம் வேண்டும். ஒரு படத்துக்கு மூன்றடி. நல்ல மனுஷர், நாலு பேர் புகழாமல் ஒரு நாள் போகுமா? இப்போது ஆபீசுக்குப் போகிறவர்கள் குடிதண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

தாழ்வாரத்தின் வாசலில் ஒரு கல். முதலாளி சொன்ன இரண்டு வார்த்தைகளை அதில் வெட்டியிருந்தார்கள்: மேட்ச் முடியட்டும்.

முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை தவிர அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் "மேட்ச் முடியட்டும்" என்பார். மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னார். அன்றைக்கு மேட்சே இல்லை. கால்பந்துக்காக ஒரு மனுஷன் இதற்குமேல் என்ன செய்வான் என்று ஊர் உருகியது. அவர் சம்சாரம் உருகியதாகத் தகவல் இல்லை.

பிலோமினா நடக்க ஆரம்பித்தாள். படம், படம், படம். எல்லாவற்றிலும் முதலாளி உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் நடந்தாள். ஆபீஸ் கதவு ஒரு பீடி அளவுக்குத் தெரிந்தது. செருப்பின் வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பெத்த பொண்ணு கல்யாணத்துக்குப் போவாத மனுசனுக்கு இத்தினி போட்டோவா," என்றாள்.

கதவு ஆறடி கிட்டே வந்தது.

அவள் நின்றாள். பின்னால் பார்த்தாள். இரண்டு படங்களைக் காணோம்.

"பொஞ்சாதி ஆஸ்பத்திரில கெடந்தப்போ ஆரஞ்சுப்பயம் குடுத்தனுப்புனாராம். அதுவும் புளிப்பாம்."

இன்னும் பன்னிரண்டு அடி கிட்டே வந்தது.

வம்புக்கு இப்படியொரு பலன் உண்டென்று எங்களுக்கு அதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் எங்கள் தெருவே வரிசையில் போய் உதவியிருக்கும். பிலோமினா எங்களிடம் கேட்டது, காதில் விழுந்தது, ஜன்னல் வழியாகப் பார்த்தது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே நடந்தாள். கடைசியில் டிரைவரின் மாமியார் சொன்னதையும் எடுத்துவிட்டாள்.

"ஆப்சைடுன்னா இன்னான்னு கடைசி வரிக்கும் அவருக்குத் தெரியாதாமே!"

கதவு அவள் மூக்கில் இடித்தது.

உள்ளே செயலாளர் பத்ருதீன் இருந்தார். மேஜைமேல் பூர்த்தி செய்யாத பாரங்கள். அவரும் மௌனத்தில்தான் இருந்தார். ஆபீஸ் வேலைக்கு மட்டும் பேசலாம் என்று தனக்குத்தானே அனுமதிக் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. என்ன விஷயம்?"

"எங்க வூட்டுக்காரரைக் கூட்டிம்போவணும்."

"மௌனம் முடியலையே."

"முடிச்சுடுங்க."

"பாரம் இருக்கு." ஒன்றை எடுத்து நீட்டினார். "யாருக்காக மௌனமோ, அவங்க கையெழுத்து வேணும்."

"அவரு செத்துட்டாருல்ல?"

"அதனாலதானேம்மா மௌனம்."

பிலோமினா பாரத்தைப் பார்த்தாள். "செத்தவரு எப்டி சார் கையெழுத்து போடுவாரு?"

"உயிரோட இருந்தப்பவும் சீக்கிரம் போட மாட்டார். காத்திருக்கணும்." மேடைக் கதவைக் காட்டினார். "நாற்காலி அங்கதான் இருக்கு. பக்கத்துல நின்னு வாங்கிக்குங்க. உக்காந்துடாதீங்க."

"ஏன்?"

"யாரும் உக்காந்ததில்ல."

அவள் மேடைக்குப் போனாள். நாற்காலியின் பக்கத்தில் பாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே கபிரியேல் ஒரு தீக்குச்சி அளவுக்குத் தெரிந்தான். அவனுடைய ஒரு பாதம் மட்டும் வீட்டைப் பார்த்திருந்தது. ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடி இவளையே பார்த்தார். அவர் கன்னத்தில் விசிலின் அச்சு விழுந்திருந்தது.

மணி நாலு. பிறகும் நாலு.

முதலாளி கையெழுத்துப் போட வரவில்லை.

அவளுக்குப் புரட்சி செய்கிற எண்ணமெல்லாம் கிடையாது. அதைப் பிற்பாடு நாங்கள் சேர்த்துக்கொண்டோம். அவளுக்குக் கால் வலித்தது. விடியற்காலையில் மீன் வாங்கப் போனவள். சமைத்து, துவைத்து, ஊட்டி, அவ்வளவு தாழ்வாரமும் நடந்துவந்தவள். உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் நேராக முகத்தில் அடித்தது. கைக்கு எட்டியது அந்தத் துண்டுதான். எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

துண்டு மேலே போனதை ரெஃப்ரி பார்த்தார்.

விசில் ஊதினார்.

பதினோராயிரம் பேர் ஒன்றாக மூச்சு விட்டார்கள். எங்கள் தெருவில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் எதிர்ப்பக்கம் பறந்தது. அப்புறம் அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். முழங்கால்கள் மடங்கிய சத்தம் வேர்க்கடலை வறுபடுகிற மாதிரி கேட்டது.

பந்து நகர்ந்தது. மணி நாலு ஒன்று ஆனது.

இரண்டு அணியும் குனிந்த தலையோடேயே ஆடின. கழுத்து நிமிரவில்லை. பந்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாததால் அவ்வளவு நன்றாக ஒரு மேட்ச் உப்பளத்துறையில் நடந்ததே இல்லை. எந்த கோல் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாததால் கோல் விழவில்லை. ஐந்தே முக்காலுக்கு முடிந்தது.

கபிரியேல் நடுவட்டத்தைத் தாண்டி வெளியே வந்தான். மேடையைப் பார்த்துக் கையசைக்க முடியாமல், தன் நெஞ்சைப் பார்த்துக் கையசைத்தான். பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்தது. கேரியரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பதினோராயிரம் பேரும் எழுந்தார்கள்.

அவள் திடுக்கிட்டு உட்கார்ந்தாள். அவர்களும் உட்கார்ந்தார்கள்.

மெதுவாக, யாரும் பார்க்காதபடி எழுந்தாள். அவர்களும் மெதுவாக எழுந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு கத்தினார். "உக்காரும்மா தாயி! நீ நின்னா நாங்க எப்டி உக்கார்றது? நீ உக்காந்தாத்தான் நாங்க வூட்டுக்குப் போவோம்!"

"நான் வூட்டுக்குப் போவணுமே," என்றாள் பிலோமினா.

"அதுக்கு எழுந்துக்கணுமேம்மா," என்றார் பத்ருதீன். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "நீங்க எழுந்தா, வூட்டுல, கடையில, கட்டில்ல, யார் எங்க இருந்தாலும் எழுந்து நிக்கணும். நீங்க மறுபடி இங்க வந்து உக்கார்ற வரைக்கும் நிக்கணும். மரியாதைக்குச் சுவர் கிடையாது."

"யாரு போட்ட சட்டம் இது?"

"யாரும் போடல. எல்லாரும் செய்யுறோம்."

"அப்ப முதலாளி..."

பத்ருதீன் பாரங்களை அடுக்கினார். "முதல் வருஷம் ஒருதடவை எழுந்து பாத்தார். பிரசவ ஆஸ்பத்திரியில எல்லாரும் எழுந்துட்டாங்களாம். டாக்டருங்க, நர்சுங்க, புள்ளத்தாச்சிங்க எல்லாரும். அப்புறம் அவர் எழுந்துக்கல. இளகின மனசு."

பிலோமினா துண்டைப் பார்த்தாள். ஒரு முனையில் முடிச்சு இருந்தது. அவிழ்த்தாள். உள்ளே ஒரு வீட்டுச் சாவி. துருப்பிடித்திருந்தது. பூட்டைப் பார்த்து முப்பத்திரண்டு வருஷம் இருக்கும்.

சாவியை உள்ளேயே வைத்தாள். மறுபடி முடிச்சுப் போட்டாள்.

உட்கார்ந்தபடி இருந்தாள். ஜனங்கள் கலைந்தார்கள். போகிறபோது ஒவ்வொருவரும் மேடையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கபிரியேல் தாழ்வாரம் வழியாக வந்தான். அவனுக்கு எட்டு அடிதான் இருந்தது. நிமிர முடியாததால் அவள் மடியைப் பார்த்துப் பேசினான். பதினோரு மாதத்தில் முதல் பேச்சு.

"போலாமா பிலோ?"

அவள் இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"நீ முன்னால போ. குழம்பு அடுப்புமேல கீது. சுட வச்சுக்கோ."

"நீ?"

"கால் வலிக்குது. கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்."

அவன் போனான்.

மறுநாள் கேரியரோடு வந்தான். பிலோமினா நாற்காலியில் இருந்தாள். அவள் தானே சாப்பிட்டிருக்கலாம், கை சும்மாதான் இருந்தது. ஆனாலும் அவன் ஊட்டினான். கழுத்து குனிந்தே இருந்ததால் வாய் எங்கே என்று தெரியாமல் கன்னத்தில் கொஞ்சம் அப்பினான்.

அவள் இரண்டு தடவை சிமிட்டினாள். அவன் குனிந்திருந்ததால் பார்க்கவில்லை.

"உப்பு ஜாஸ்தி," என்றாள்.

"நாளைக்குக் கொறைக்கிறேன். நீ எப்ப வூட்டுக்கு வருவ?"

கீழே மைதானத்தில் யாரும் இல்லை. கோல் கம்பத்தில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அவள் எழுந்தால் அது என்ன செய்யும் என்று யோசித்தாள். எழுந்து பார்க்கவில்லை. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் மதியத் தூக்கத்தில் இருந்தோம். அவளுக்குத் தெரியும்.

"மேட்ச் முடியட்டும்," என்றாள்.

சாயங்காலம் இந்தச் சேதி தெருவுக்கு வந்தது. இதைவிட ஒரு பொம்பளை கால்பந்துக்கு என்னதான் செய்ய முடியும் என்று நாங்கள் வாய்விட்டுச் சொல்லிவிட்டோம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னோம்.

அடுத்த நாள் கபிரியேல் வந்தபோது தாழ்வாரம் பதினோரு அடி இருந்தது. சுவரில் ஒரு புதுப் படம் மாட்டியிருந்தது. அதில் பிலோமினா உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த வாரம் அவன் கேரியரோடு ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தான். அவன் போய்ச் சேரும்போது சோறு ஆறிவிடுகிறதாம்.