கேட்டுட்டு வாயை மூடு

தலைமைப் பண்பு என்று உலகில் எதுவும் கிடையாது. தொண்டை உள்ளவன் சொல்வான், காது உள்ளவன் கேட்பான், மற்றதெல்லாம் சம்பளத்துக்காகக் கண்டுபிடித்த பாடம். இந்தப் பேருண்மையைக் கல்லூரிப் பத்திரிகையில் நிறுவியவன், விடியற்காலையில் இறந்துபோன அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். அப்பா ஒத்துழைக்கவில்லை.

அப்பா அறுவை சிகிச்சை டாக்டர். கடைசி வருடங்களில் பயிற்சி டாக்டர்களுக்கு அந்தப் பாடத்தைத்தான் நடத்தினார்.

"கத்தி எடுக்கறதுக்கு முன்னாடி நில்லு. யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கான்னு கேளு. கேட்டுட்டு வாயை மூடு."

சாப்பாட்டு மேசையில் மகன் கரண்டியை உயர்த்துவான். "குழுவினரே, பாத்திரத்துல இறங்கப் போறேன். யாருக்காவது ஆட்சேபணை?"

"என்னைப் பாத்துக் கேக்காதடா," என்பார் அப்பா. "பேசாம இருக்கறவங்களைப் பாத்துக் கேக்கணும்."

அடுப்படி வாசலில் நின்று அம்மா சிரிப்பாள்.

இன்றும் அங்கேதான் நின்றாள். காலையிலிருந்து இரண்டு முறை வாய் திறந்தாள். இரண்டு முறையும் பெரியப்பா பேசினார். பெரியப்பாவுக்குத் தொண்டை இருந்தது.

வந்திருந்த பயிற்சி டாக்டர்களில் ஒரு பெண் அவனிடம் தயங்கித் தயங்கி, "சார் எப்பவும் என்னைப் பாத்துதான் கேப்பாரு," என்றாள்.

"நீங்க என்ன சொல்வீங்க?"

"ஒண்ணுமில்ல சார்னுதான். ஒரே ஒரு நாள், 'இடது கால் இல்ல சார், வலது'ன்னேன்."

கேலி செய்ய அவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அப்படி அகப்படாதபோது அவன் திரும்பிப் பார்ப்பது அப்பாவைத்தான். பார்த்தான்.

"வண்டிக்காரர் எவ்ளோ நேரம்தான் நிப்பாரு?" என்றார் பெரியப்பா. "டேய், தலைமாட்டுக்கு வா. நீ சொன்னாத்தான் தூக்குவாங்க."

அவன் ஸ்ட்ரெச்சரின் பிடியைப் பற்றினான். 'தூக்குங்க' என்று சொல்ல வாய் திறந்தவன், நின்றான்.

"யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?"

"இப்ப சொல்றதுக்கு என்னடா இருக்கு?"

அவன் பெரியப்பாவுக்குப் பதில் சொல்லவில்லை. அடுப்படி வாசலைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தான். வெளியே வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள்.

"கண்ணாடி போடலையே," என்றாள் அம்மா. "அது இல்லாம அவருக்கு எதிர்ல யாருன்னே தெரியாது."

அவன் பிடியை விட்டான். மேசையில் கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்து, அவள் பக்கம் நீட்டினான்.

அம்மா நடந்து வந்து சேரும்வரை யாரும் தூக்கவில்லை.