தண்ணீர்த் தொட்டியைத் தூக்கிய சுயம்பு

சலவைக்கடையின் பெரிய வாஷிங் மெஷின் தினமும் வாசல்வரை நடந்து போனது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் நின்றால்தான் உள்ளே சுழலும் ஈரத்துணியின் கனத்தைத் தரை வாங்கிக்கொள்ளும். ஒரு கால் உயர்ந்துவிட்டால் அந்தக் கனம் மெஷினையே தள்ளிக்கொண்டு போகும். கடைக்காரி காலடித் திருகைச் சுற்றி மட்டம் பார்த்து வைப்பாள். மறுநாள் அதே கால் மறுபடி உயர்ந்திருக்கும். உயர்வது கால் அல்ல, தரைதான் என்று புரிந்ததும் சிமெண்டைக் கொத்திப் பார்த்தாள். உள்ளே உருண்டைத் தலையோடு வழவழப்பான ஒரு கறுப்புக் கல் மேலே வந்துகொண்டிருந்தது.

அவளுடைய கொழுந்தனுக்கு நாக்கைத் தவிர வேறெந்த உறுப்பாலும் உழைத்துப் பழக்கமில்லை. கல்லைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அண்ணி, இது சுயம்பு! சாட்சாத் சிவன். அந்தக் காலத்துல ஒரு பசு தினம் இங்க வந்து தானா பால் சொரிஞ்சிருக்கு."

"ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லாத தெருவுல பசு வந்துச்சாக்கும். நீதான் கயிறு பிடிச்சியா?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் கல் ஒரு சாண் உயர்ந்தது. அவன் அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டான். அவனுடைய அடுத்த வாரக் கதையில் ஒரு வேடனின் கோடரி பட்டு இதே கல்லில் ரத்தம் வழிந்தது. அதற்கடுத்த வாரம் தீராத நோய் கொண்ட ஓர் அரசன் இதைக் கட்டிக்கொண்டு குணமானான். வேடனும் அரசனும் எந்த ஊர்க்காரர்கள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு கதைக்கும் கல் வளர்ந்து, கூரையைத் துளைத்து, மேல்மாடியில் வீட்டுக்காரரின் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே போய் நின்றது.

வீட்டுக்காரர் மகிழ்ந்தார். குடிவருகிறவர்களிடமெல்லாம் இது பழைய ராஜா கோயில் இருந்த இடம் என்று பல வருடங்களாகச் சொல்லி வாடகையை உயர்த்தியவர் அவர். இப்போது தன் வாய் பலித்துவிட்டதாக நினைத்துத் தன்னையே கோயில் கமிட்டித் தலைவராக்கிக்கொண்டார். மாதக் கடைசிக்குள் கடை காலியாக வேண்டும், அங்கேதான் கருவறை என்றார். இந்தக் குழாயும் சாக்கடை வாட்டமும் மின்சார இணைப்பும் அமைய அவளுக்குப் பாதி ஆயுள் ஆகியிருந்தது. கருவறைக்கு இதில் எது தேவை என்று கேட்டாள்.

கல் மொட்டைமாடியையும் பிளந்து மேகத்துக்குள் போனதும், அடியும் முடியும் காணாத நெருப்புத்தூண் கதையைக் கொழுந்தன் கூட்டத்துக்குச் சொன்னான். உடனே வீட்டுக்காரர் மாடி ஏறி இறங்கி, உச்சியைக் கண்டதாக அறிவித்தார். பிரம்மன் சொன்ன அதே பொய். பிரம்மனாவது அன்னமாகப் பறந்துவிட்டுச் சொன்னார்; இவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியதோடு சரி. சொல்லி வாய் மூடுவதற்குள் கல் பருத்து எழுந்து, தண்ணீர்த் தொட்டியையும் தூக்கிக்கொண்டு போனது. அறுந்த குழாய்களின் தண்ணீர் அவர் சோபாவில் கொட்டியது.

கீழே, துணி வாங்க வந்த ஒருத்தி, இந்தக் கல் எப்படி வந்தது என்று கேட்டாள். தண்ணீர் இல்லாத எரிச்சலில் கடைக்காரி, "எனக்கென்னம்மா தெரியும்? தெரியாது," என்றாள். கல் ஒரு விரல் இறங்கியது. மறுபடி சொன்னாள், மறுபடி இறங்கியது. கொழுந்தனின் கதையில் அடியைத் தேடிப் போனவர் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டு திரும்பியது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கொழுந்தனின் காதைப் பிடித்து, "தெரியாது" என்று சொல்லவைத்தாள். கல் மேல்மாடிக் கூரைக்குக் கீழே வந்தது, தொட்டி மட்டும் ஆகாயத்திலேயே நின்றது.

அது வீட்டுக்காரர் பொய்யின் பங்கு; அவரே சொன்னால்தான் இறங்கும். அந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் உச்சரித்ததில்லை.

"நான் போய் அப்படிச் சொல்றதா? என் மரியாதை என்னாகிறது?"

"சார், உங்க மரியாதை மேகத்துக்கு மேல தொட்டியோட நிக்குது. அங்கயே இருக்கட்டுமா?"

இரண்டு நாள் குளிக்காமல் இருந்த பிறகு, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர்போல அவர் சொன்னார்: "தெரியாது." தொட்டி இறங்கித் தன் மேடையில் உட்கார்ந்தது. கல் சோபாவைக் கடந்து, கூரை ஓட்டைகள் வழியே வெயிலை விட்டுவிட்டு, தரைமட்டத்துக்கு வந்தது. காலி செய்யும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

இன்றும் அது சிவன் கோயில்தான், சலவைக்கடையும்தான். மெஷினின் மூன்று கால்கள் சிமெண்டிலும் ஒரு கால் சுயம்புவின் ஓரத்திலும் நிற்கின்றன. கும்பிட வருகிறவர்கள் தல வரலாறு கேட்டால், "தெரியாது" என்று சொல்ல வேண்டும். சொன்னால் மெஷின் நகராது.