ஓட்டையில்லாத டியூப்

தேர்வு முடிந்த கையோடு, பள்ளித் தோழர்கள் ஐந்து பேர் கூடாரமும் சட்டியும் கட்டிக்கொண்டு சைக்கிள் பயணம் கிளம்பியிருந்தார்கள். எப்போதும் முன்னால் போகிறவளுக்குக் கேப்டன் என்று பெயர். கடைசியில் வருகிறவனுக்கு ஆமை என்று பெயர் வைத்ததே அவள்தான்.

மூன்றாம் நாள் மலைப்பாதையில் அவளுக்குக் கால் துவண்டுவிட்டது. "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் ஆளாக வளைவைத் தாண்டியதும் இறங்கி, பின்சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்டு, "பஞ்சர்!" என்று கூவினாள்.

வந்தவர்கள் அப்படியே புல்லில் சாய்ந்தார்கள். ஆமை மட்டும் வியர்க்க விறுவிறுக்க டியூபைக் கழற்றி, காற்றடித்து, சட்டித் தண்ணீரில் முக்கினான். ஒரு குமிழிகூட வரவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் முகம் செத்துப்போயிற்று.

"பெரிய ஓட்டையாடா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஊசி ஓட்டைதான். ஒட்டு காய நேரமாகும், எல்லாரும் படுங்க" என்றான் ஆமை.

ஓட்டையே இல்லாத டியூபில் அவன் ஒட்டுப் போட்டான். உண்மையைச் சொல்ல அவள் வாயெடுத்தாள். சொல்லாமலே பையில் முகத்தைப் புதைத்துத் தூங்குவதுபோல் கிடந்தாள். பக்கத்தில் அவன் பசை காய ஊதிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஊதலுக்கும் அவள் கூனிக் குறுகினாள்.