மை காயாத அசல்

"அந்தப் படத்தின்ர அசல் இருக்கோ, பிள்ளை?" என்று பாலாம்பிகை போனில் கேட்டபோது, தக்ஷிகா "ஓம் அன்ரி, இருக்கு" என்று சொல்லிவிட்டாள். இல்லை. அப்படி ஒன்று பிறக்கவேயில்லை. ஆறு வருடமாக அவள் பென்சில் கோடும் மைக்கோடும் டேப்லெட்டில்தான் போடுகிறாள். ஆனால் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், கணவர் இறந்து வருடம் திரும்பாதவர், லண்டனின் லூயிஷாம் பகுதியிலிருந்து ஆசையாகக் கேட்கும்போது நம்மவர்கள் வாயில் 'இல்லை' வராது. பொய் மட்டும் தங்குதடையில்லாமல் வரும்.

லண்டனுக்கு வந்து சேர்ந்தவர்களைப் பற்றித் தக்ஷிகா ஒரு சித்திரக்கதைப் புத்தகம் போட்டிருந்தாள். அதில் ஒரு பக்கம் பாலாம்பிகை சொன்ன கதை. அவருடைய கணவர் அம்பலவாணன் ஹீத்ரோ விமானநிலையத்தில் தள்ளுவண்டியோடு கதவைத் தாண்டி வருகிறார். முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு அந்தப் பக்கத்தை ஹோல் சுவரில் மாட்டவேண்டுமாம்.

"புத்தகத்தில இருக்கிறது அச்சு. எனக்கு உம்மட கை பட்டது வேணும். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுக்கிறன்."

ஆகவே அந்த வாரம் பிளேஸ்டோவில், தக்ஷிகாவின் பிளாட்டின் சமையல் மேசையில், அசல் தயாரானது. டேப்லெட்டில் இருந்த படத்தைத் தடித்த தாளில் வெளிர்நீலத்தில் பிரிண்ட் எடுத்து, அதன்மேல் நிப்பால் மை போடவேண்டும். சின்ன வேலைதான் என்று நினைத்தாள். டேப்லெட்டில் கை நடுங்கினால் அது கோட்டை நேராக்கிவிடும். தாள் அந்த உபகாரத்தைச் செய்யவில்லை. அங்கே மூக்கைத் தட்டளவு பெரிதாக்கி வரையலாம்; இங்கே மூக்கு மூக்களவுதான் இருந்தது.

சட்டைக் கொலரின் கோடு பிசகியது. டேப்லெட்டில் இரண்டு விரலால் தட்டினால் கடைசிக் கோடு மறைந்துவிடும். பழக்கதோஷம், தாளையும் தட்டினாள். கோடு அப்படியே இருந்தது. அம்பலவாணனின் நெஞ்சில் இரண்டு விரல் அடையாளம் புதிதாகச் சேர்ந்தது. இரண்டாம் தாளிலும் தட்டினாள். மூன்றாம் தாளுக்கு இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிடிக்க ஆளில்லாமல் தாள் நழுவியது. ஆறாவது தாள் ஞாயிறு காலை ஒருவாறு தேறியது.

பாலாம்பிகை ஒரு பெட்டி பற்றீஸ் பலகாரத்தோடு வந்தார். படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு கணவர் போட்டிருந்த கோட்டைத் தடவினார். விரல் கறுத்தது.

"புத்தகம் தையிலயெல்லே வந்தது?" என்றார். "இன்னும் காயேல்லையே."

லண்டன் ஈரத்தின்மேல் பழியைப் போடலாமா என்று தக்ஷிகா ஒரு கணம் யோசித்தாள். அந்தக் கறுத்த விரலைப் பார்த்துக்கொண்டு அதற்குமேல் பொய் சொல்ல ஏலவில்லை.

"அசல் எண்டு ஒண்டு இல்லை அன்ரி. எல்லாம் டேப்லெட்டுக்குள்ளதான் கீறினது. இது இண்டைக்குக் காலமைதான் முடிச்சனான்."

பாலாம்பிகை தாளை மேசையில் வைத்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கைப்பையை எடுப்பதைப் பார்த்த தக்ஷிகா, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், டேப்லெட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். படம் கீறக் கீற, முதல் கோட்டிலிருந்து எல்லாவற்றையும் அது தானாகவே பதிந்து வைத்திருந்தது. அதை ஓடவிட்டாள்.

வெறுங்கதவு வந்தது. அதில் ஒரு மனுஷன் உருவானான். தலை அழிந்தது, உடம்பு அழிந்தது, ஆள் இல்லை. மறுபடி வந்தான், கொஞ்சம் தடித்து. மறுபடி அழிந்தான், இப்படியே திரும்பத் திரும்ப. பாலாம்பிகை கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நாலு தரம் அழிச்சிட்டீர்."

"ஓம் அன்ரி. நான் அவரை நேரில கண்டதில்லை. சரியா வரேல்லை."

"அண்டைக்கு ஹீத்ரோவிலயும் இப்பிடித்தான். விடியக் காலமை தொடக்கம் நிண்டனான். கதவு திறக்கும். இவர்தான் எண்டு நினைச்சு ஓடுவன். வேற ஆரோ."

திரையில் கதவு மறுபடி வெறுமையானது. பாலாம்பிகை தக்ஷிகாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"கடைசியில வருவார்தானே?"

"வருவார் அன்ரி."

வந்தார். தள்ளுவண்டி, மீசை, இரவல் கோட் எல்லாம் வந்து சேர்ந்து, படம் நின்றது. பாலாம்பிகை வாய்விட்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"திருப்பிப் போடும், பிள்ளை. அவர் இன்னும் வராத இடத்தில இருந்து."