பதினான்கு பிளேன் மரங்கள்

ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்து ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நான் இன்னும் நீவெஸிடம் சொல்லவில்லை.

வில்லா ஓர்தென்சியாவின் தலைமைத் தோட்டக்காரி அவள். மாளிகையின் வெள்ளைத் தூண்களுக்கும் இத்தாலியின் கோமோ ஏரிக்கும் நடுவே, கரைப்பாதையில் அகன்ற இலைகளுள்ள பதினான்கு பிளேன் நிழல்மரங்கள். ஆண்டுதோறும் கிளை நறுக்கி வளர்த்ததில், அவற்றின் தலைகள் சேர்ந்து ஒரே கூரையாகிவிட்டன. முதல் மரத்தில் பூஞ்சை நோய். மருந்து கிடையாது. நோயுள்ள மரத்தையும் அடுத்ததையும் வெட்டி எரிக்கச் சொல்கிறது சட்டம்.

அந்த இரண்டை நீவெஸ் விட்டுக்கொடுத்துவிட்டாள். மற்றவற்றிலிருந்து, மரநோய் ஆய்வாளரான நான் துளையிட்டு எடுத்துப் போன மரத்தூளின் முடிவுக்குக் காத்திருந்தாள். காத்திருக்கும்போதே, இரண்டாவது மரத்துக்கும் மூன்றாவதற்கும் இடையே பள்ளம் தோண்டத் தொடங்கிவிட்டாள். மண்ணுக்கடியில் வேர்கள் ஒட்டி வளர்ந்திருக்கும். நோய் அந்த வழியாகத்தான் போகும்.

"வாம்மா டாக்டரம்மா. ஷூ பளபளன்னு இருக்கு. மண்ணுன்னா பயமா?"

"இல்ல."

"பேசத்தான் பயம். உங்க லேப் பூஞ்சைகூட உன்னைவிட வாயாடும்."

இடுப்பளவு பள்ளத்தில் நின்றாள்.

"ஆளுங்களைக் கூப்பிடலயா?"

"அவனுங்க வேரைப் பிச்சு வச்சிடுவாங்க. இது கத்தி வச்ச மாதிரி அறுக்கணும்."

ஒவ்வொரு வேருக்கும் முன்னால் ரம்பத்தை ஸ்பிரிட்டில் துடைத்தாள். எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தாள்.

மதியம் தன் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் பிட்டுப் பாதி தந்தாள்.

"பன்னெண்டு மரத்து நிழல் போதும். காலியாகிற ரெண்டு இடத்துல பெஞ்சு போட்டுடலாம். கிழவிங்க உக்காந்து ஏரியைப் பாக்கட்டும். நானும் கிழவியாகப் போறவதானே?"

சிரித்தாள். நான் ரொட்டியை மென்றேன்.

சாப்பிட்டதும் பள்ளத்தில் குதித்து என்னையும் கைநீட்டி இறக்கினாள். கடைசி வேர் என் கைத் தடிமன் இருந்தது.

"ஆடாம பிடி. இது அறுந்துச்சுன்னா நாம ஜெயிச்சோம்."

நான் பிடித்துக்கொண்டேன். ரம்பத்தை வைத்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்னடி, வெளிறிப் போய் நிக்கற? ரிசல்ட் வந்துடுச்சா?"

தலையசைத்தேன்.

"மூணாவதுலயும் இருக்கா? பரவால்ல, சொல்லு. அந்தப் பக்கம் தோண்டிக்கறேன்."

"நீவெஸ்," என்றேன், "பதினாலு மரத்துலயும் இருக்கு."