குதிகாலில் செம்மண்

முதலில் பார்த்தது காந்தா. அந்தக் குப்பத்தில் எதையும் அவளுக்கு முன்னால் வேறொருத்தி பார்த்துவிட முடியாது, பார்த்தாலும் வெளியே சொல்ல முடியாது.

விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. இறால் தடவப் போகிற வரிசைப் பெண்கள் கரையில் குந்தி, புடவையை வரிந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். நாகம்மாள் குனிந்து, பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தபோது அவளுடைய குதிகால் காந்தாவின் கண்ணுக்கு நேராக வந்தது. வெடிப்புக்குள் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"இன்னாமே இது, செம்மண்ணு?"

நாகம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். "எங்கியோ மிதிச்சிருப்பேன் யக்கா."

எங்கேயோ மிதித்தேன் என்ற பதில் வேறு ஊரில் செல்லும். அங்கே செல்லாது. பழவேற்காடு ஏரியைச் சுற்றி முகத்துவாரத்துப் பக்கம் வெள்ளை மணல், செடிக்காட்டு ஓரம் கறுப்பு உளை, இறால் பண்ணை வாய்க்கால் பக்கம் சாம்பல் நிறச் சேறு. யார் எங்கே கை வைத்துவிட்டு வந்தாள் என்பதைக் காலைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். செம்மண் ஏரியிலேயே கிடையாது. மழைத் தண்ணீர் எங்கிருந்தோ செம்மண்ணை அடித்துக்கொண்டு வந்து கொட்டுகிற வாய்க்கால் வாய் ஒன்று இருந்தால்தான் உண்டு. அப்படி ஓர் இடம் இருந்தால் அங்கே இறால் குவிந்து கிடக்கும். காந்தாவின் மூளை இவ்வளவு தூரமும் ஒரே மூச்சில் ஓடி முடித்துவிட்டது.

கையால் இறால் தடவுவது ஒண்டியாகச் செய்கிற வேலை இல்லை. கழுத்தளவு தண்ணீரில் குந்தி, பறிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவியபடி நகர வேண்டும். திருக்கை முள் குத்தினாலும் பள்ளத்தில் கால் நழுவினாலும் பக்கத்தில் இருப்பவள்தான் தூக்க வேண்டும். அதற்குத்தான் வரிசை. வரிசைக்கு இரண்டு சட்டம். செவ்வாய்க்கிழமை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. நல்ல பள்ளம் யார் கைக்குத் தட்டுப்பட்டாலும் மற்றவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் வரிசையில் இடம் போய்விடும். அப்படி இடம் போனவள் ஒருத்தி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். முழங்கால் தண்ணீரைத் தாண்டத் துணிவில்லாமல், கரையோரமாகத் தனியாகத் துழாவிவிட்டு, ஒரு கைப்பிடி இறாலோடு தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போவாள். யாரும் அவளை ஏன் என்று கேட்பதில்லை.

நாகம்மாள் செவ்வாய்க்கிழமைதோறும் எங்கேயோ போய் வருகிறாள் என்பதும் ஊருக்குத் தெரிந்த விஷயம். செம்மண்ணையும் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டு சட்டமும் ஒரே குதிகாலில் உடைந்து கிடந்தன.

அன்று மத்தியானமே காந்தா பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வந்து நின்றாள். நாகம்மாளின் மகள் வினோதினி அங்கேதான் வேலை செய்தாள். அந்த வீட்டில் மட்டுமில்லை, அந்தத் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள். பொன்னேரி காலேஜில் வேதியியல் படித்துவிட்டு மற்றவர்களுடைய ஆதார் அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிற கோபம் அவள் முகத்தில் எப்போதும் உண்டு.

"ஏ வினோதினி, உங்கம்மா செவ்வாக்கெழம எங்கமே போறா?"

"அத எங்கம்மாவதான் கேக்கணும் யக்கா. நான் இன்னா சிஐடியா?"

"படிச்சவளாச்சே, உஷாரா இருப்பேனு வந்தேன். வர செவ்வாக்கெழம போய் வந்தான்னா மறுநாளு வரிசையில நிக்க வச்சுக் கேப்போம். அப்புறம் இன்னாத்துக்கு முன்னாடியே சொல்லலனு எங்கிட்ட சண்டைக்கு வராத."

சிஐடியா என்று கேட்டாளே தவிர, அந்த வேலையை வினோதினி எப்போதோ ஆரம்பித்திருந்தாள். அம்மாவிடம் பல மாற்றம். ஒரு வாரம் தலையில் இந்தப் பக்கம் கிடைக்காத ஏதோ மஞ்சள் பூ. இன்னொரு வாரம் முழங்காலில் சிராய்ப்பு. ஒரு நாள் சோறு வடித்துக்கொண்டே, "நெல்லு அரைக்கிற மெசினு தரையே அதிர்ற மாரி ஓடுது இல்ல?" என்றாள். அந்த மிஷினை அவள் எங்கே பார்த்தாள்? யாரோடு பார்த்தாள்?

பள்ளம், இறால் என்றெல்லாம் வினோதினிக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது அதைவிட மோசம். ஒன்று, யாரோ ஓர் ஆள். இல்லையென்றால், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை வாங்கித் தருகிறேன் என்று குப்பம் குப்பமாகச் சுற்றுகிற புரோக்கர் எவனாவது. பெண் எங்கே போனாலும் எவனும் கேள்வி கேட்கக் கூடாது என்று கிராம சபையில் மைக்கைப் பிடுங்கிப் பேசியவள்தான் அவள். அந்த வாய் வீட்டு வாசலைத் தாண்டியதும் போலீஸ் வாயாக மாறிவிட்டது.

அப்பா கருப்பன் வாசலில் உட்கார்ந்து நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நைனா, அம்மா எங்க போதுனு கேட்டியா?"

"கேட்டேனே."

"இன்னா சொல்லிச்சு?"

"சும்மானு சொல்லிச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"சரினு சொன்னேன்."

"இப்டி ஒரு மனுசன்!" என்று அவள் உள்ளே போய் அம்மாவிடமே கேட்டாள். நாகம்மாள் குழம்பைக் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"சும்மா போனேன்டி."

"யாராவது சும்மா போவாங்களா? ஒனக்கு வரிசையில எடம் போவப் போது, தெரியுமா? காந்தா கடைக்கே வந்து சொல்லிட்டுப் போறா."

கரண்டி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடி சுற்ற ஆரம்பித்தது. தப்பு இல்லாதவள் எதற்கு வாயை மூடிக்கொள்கிறாள் என்று வினோதினி தனக்குள் ஒரு முடிவு கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு அம்மா ஏறிய பஸ்ஸின் பின்வாசலில் ஏறினாள். முன்னால் ஜன்னலோரம் அம்மா. பெண்களுக்கு பஸ் இலவசம் ஆனதிலிருந்து கூட்டத்துக்குக் குறைவில்லை, ஒளிந்துகொள்வது சுலபமாக இருந்தது. அம்மாவிடம் பறி இல்லை, பை இல்லை. கண்டக்டர் திருப்பாலைவனம் என்று கத்தியபோது அவள் அசையவில்லை. அதற்கு அடுத்த ஸ்டாப்பில், யாருமே எழுந்திருக்காதபோது, திடுமென்று எழுந்து இறங்கினாள். வினோதினி பஸ் நகர்ந்த பிறகு குதித்து ஒரு புளியமரத்தின் பின்னால் நின்றாள்.

யாரும் காத்திருக்கவில்லை. நாகம்மாள் ரோட்டோரம் நின்று இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். கடையில் இரண்டு புடவையில் எதை எடுப்பது என்று நிற்பவள் மாதிரி யோசித்தாள். பிறகு இடது பக்கம் நடந்தாள்.

ரோட்டை ஒட்டியே இருந்த வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நாகம்மாள் வரப்பில் நின்று ஏதோ கேட்டாள். நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அவர்கள் முகத்திலும் அதே சந்தேகம்.

"யாரும்மா நீ? நெலம் சர்வே எடுக்க வந்தியா?"

"இல்லம்மா."

"அப்ப எந்தக் கட்சி?"

"கட்சி கெடையாது. இந்த ஸ்டாப்ல எறங்குனதில்ல, அதான் எறங்குனேன். நானும் ஒரு கட்டு நட்டுப் பாக்கட்டா?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பைத்தியமோ என்று ஒருத்தி சொன்னது புளியமரம் வரைக்கும் கேட்டது. ஆனாலும் ஒரு நாற்றுக்கட்டு கை மாறியது. நாகம்மாள் வயலில் இறங்கினாள். இறங்கியவள் மற்றவர்களைப் போல இடுப்பை வளைக்கவில்லை. பழக்கதோஷம், அப்படியே குந்திவிட்டாள். பின்பக்கம் முழுக்கச் சேற்றில் முங்க, ஏரியில் நகர்கிற மாதிரியே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து நாற்றை ஊன்றினாள். நட்ட வரிசை பாம்பு போன தடம் மாதிரி நெளிந்தது. வயலே சிரித்தது. "ஏம்மா, குளிக்க வந்தியா நட வந்தியா?" என்று ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நாகம்மாளும் சிரித்தாள். அம்மா வாய்விட்டுச் சிரித்து வினோதினி கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

கோபம்தான் வந்தது. நேராக வரப்புக்குப் போய் நின்றாள்.

"இதுக்குத்தானா?"

நாகம்மாள் சேற்றோடு நிமிர்ந்தாள். பயப்படவில்லை. "பின்னாலியே வந்தியா? பின்வாசல்லதானே ஏறின? பாத்தேன்."

"பாத்துட்டா எறங்கின?"

"ஒனக்காக நான் ஏன் எறங்காம இருக்கணும்?"

பம்புசெட்டுத் தொட்டியில் கால் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த பஸ்ஸில் பொன்னேரிக்குப் போய் வருகிறாள். கண்டக்டர் கத்துகிற பேரெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்தப் பேருக்குள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது. ஒருநாள் தூங்கிவிட்டு, பதறிப்போய் ஏதோ ஒரு ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள். சுற்றிலும் செங்கல் சூளை. ஒருத்தரையும் தெரியாது.

"மொதல்ல பயம்தான். ஆனா நல்லா இருந்துதுடி. அடுத்த வாரம் வேணும்னே வேற ஸ்டாப்ல எறங்கினேன். ரைஸ் மில்லு. அதுக்கடுத்த வாரம் ஒரு மாட்டு வண்டிக்காரரு ஏறுனு சொன்னாரு, ஏறத் தெரியாம வுழுந்துட்டேன். போன வாரம் ஒரு செம்மண்ணு ரோட்ல நடந்தேன்."

"இத காந்தாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நம்புவாளா? நீயே நம்பாமதானே மரத்துக்குப் பின்னால நின்ன."

இப்படி மடக்கினால் வினோதினி வழக்கமாகக் கத்துவாள். அன்று கத்தாமல் அம்மாவின் புடவையில் அப்பியிருந்த சேற்றை வழித்துவிட்டாள்.

மறுநாள் காலை கரையில் வரிசை கூடியது. யாரும் பறியைக் கையில் எடுக்கவில்லை. காந்தா கேட்க, நாகம்மாள் தலையைக் குனிந்துகொள்ள, வினோதினியே நடுவில் நின்று நடந்ததைச் சொன்னாள். காலேஜில் கற்றுக்கொண்ட தெளிவோடு ஒன்று விடாமல் சொன்னாள். முடித்ததும் ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது.

"சும்மா எறங்கிப் பாக்க அவ இன்னா கலெக்டரா?" என்றாள் சுதா. வரிசையில் நாகம்மாளுக்கு அடுத்த இடம் அவளுடையது. போன மழைக்காலத்தில் அவளை முடியைப் பிடித்துப் பள்ளத்திலிருந்து இழுத்தது நாகம்மாள்தான்.

"ஆத்தாளும் பொண்ணும் சேந்து டபாய்க்கிறாங்க," என்றாள் இன்னொருத்தி.

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்? நீங்கதான் சேத்தைப் பாத்து கத கட்றீங்க!" என்று வினோதினி பாய்ந்தாள்.

காந்தா கையை உயர்த்தினாள். "கத்தாத. எடத்த எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணால பாக்கணும், அதான் நாயம். வர செவ்வாக்கெழம எல்லாருமே போறோம். பறிய எடுத்துக்குங்க."

அந்தச் செவ்வாய்க்கிழமையை அந்தக் கண்டக்டர் மறக்க மாட்டார். பறியும் கையுமாக வரிசை முழுக்க பஸ்ஸில் ஏறியது. "மீன் கூடை ஏத்தக் கூடாதும்மா," என்றார். "மீன் எங்க கீது? காலிக் கூடதானே, உத்துப் பாரு," என்று காந்தா பறியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் எட்டிப்போய் டிரைவர் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

மெதூருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ஸ்டாப்பில் நாகம்மாள் எழுந்தாள். எல்லோரும் எழுந்தார்கள். இறங்கிய இடத்தில் ஒரு குட்டையும், ஒரு மாரியம்மன் கோயிலும், பூட்டிக் கிடந்த ஒரு பால் சொசைட்டியும். "குட்ட!" என்று காந்தா கண்ணைச் சுருக்கினாள். பறிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் குந்தினாள். ஆளாளுக்குப் பின்னால் இறங்கித் துழாவினார்கள். செவ்வாய்க்கிழமைச் சட்டம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஊர் ஜனம் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. நத்தை வந்தது, உடைந்த பிளாஸ்டிக் குடம் வந்தது, ஒற்றைச் செருப்பு வந்தது. இறால் வரவில்லை.

ஈரம் காய்வதற்குள் சுதா கோயில் பக்கம் போயிருந்தாள். இன்னொருத்தி ஒரு வீட்டு வாசலில் நின்று பால் கறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காந்தாவுக்கு ஒரு கிழவர் நுங்கு சீவிக் கொடுத்தார். நுங்கு அவளுக்குப் புதிதில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் கையால் வாங்கித் தின்றது அதுதான் முதல் தடவை. தின்று முடித்து விரலை நக்கிவிட்டு அவள் தீர்ப்பைச் சொன்னாள்.

"பலே கில்லாடி இவ. நாம வர்றோம்னு தெரிஞ்சி வேற எடத்துல எறக்கிட்டா. அடுத்த வாரம் அடுத்த ஸ்டாப்பு. எல்லா ஸ்டாப்பும் பாத்து முடிக்கற வரைக்கும் அவ எடம் அவளுக்கே இருக்கட்டும்."

வரிசை தலையாட்டியது. அடுத்த வாரத்துக்குச் சுதா பவுடர் போட்டுக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த வாரம் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் காந்தா சந்தேகமாக இறங்கி, சந்தேகமாகச் சுற்றிப் பார்த்து, சந்தேகமாகத் தின்றுவிட்டு, இங்கேயும் இல்லை என்று அறிவித்தாள். ஒரு தடவை நாகம்மாளுக்குக் காய்ச்சல் என்றபோதும் விசாரணை நிற்கவில்லை. அவள் இல்லாமலேயே போய்விட்டு வந்தார்கள்.

இடம் தப்பியது. ஆனால் பஸ்ஸில் நாகம்மாள் ஜன்னலோரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பதை வினோதினி கடைவாசலில் இருந்து பார்த்தாள். கல்யாணத்துக்குக் கூட்டிப் போகிற மாதிரி சுற்றிலும் சத்தம். அம்மாவின் முகம் மட்டும் கண்டக்டர் கத்துகிற பேர்களைப் பழையபடி வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் பறியை எடுக்கக் குனிந்த அம்மாவின் காலை வினோதினி பார்த்தாள். வெடிப்பில் மஞ்சளாக ஏதோ மண். காலேஜுக்குப் போய் வந்த இந்த ரூட்டில் எந்த ஸ்டாப்பிலும் அவள் பார்க்காத மஞ்சள். முந்தாநாள் காய்ச்சல் என்று வரிசைக்குப் போகாமல் நின்றவள், நேற்றைக்கும் போகவில்லை. நேற்று கடையிலிருந்து வினோதினி திரும்பியபோது வீட்டிலும் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு நைனா வலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், சும்மா போயிருக்கு என்றார்.

எங்கே? எந்த பஸ்? கும்மிடிப்பூண்டிப் பக்கமா, அதற்கும் அந்தாண்டையா? கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நாகம்மாள் பறியும் கையுமாக மகளையே பார்த்தபடி நின்றாள்.

தெரு முனையில் காந்தாவின் குரல் கேட்டது. யாரையோ திட்டிக்கொண்டே வந்துகொண்டிருந்தாள்.

வினோதினி தவலையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரை மொண்டாள்.

"கால காட்டும்மா," என்றாள். "சீக்கிரம்."